பேசறது அருண்குமாருங்க

புவனாவின் அண்ணன் அருண்குமாருக்கு முப்பத்தேழாவது வயதில் கல்யாணம் நிச்சயமானபோது, வெள்ளகோவில் பக்கத்தில் அவர்கள் ஊரே ஒரு பெருமூச்சு விட்டது என்று சொன்னால் அதில் பாதிதான் பொய். பதினோரு வருடமாக அவன் ஜாதகம் போகாத இடம் இல்லை. சென்னிமலைக்குப் போனது, அன்னூருக்குப் போனது, போன வேகத்தில் திரும்பியும் வந்தது. மாப்பிள்ளை கொப்பரை உலர்த்தும் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார் என்றதும் பெண் வீட்டில் காபித் தம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில், ஒரு புரோக்கர் மூலம், ஸ்ரீஜா என்ற பெண் அமைந்தாள். என்ன சாதி சனம் என்று யாரும் துருவவில்லை. "நம்ம மாதிரித்தானுங்க" என்றார் புரோக்கர். நம்ம மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டு, வந்த ஒன்றையும் கெடுத்துக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை.

அம்மா ராசாத்தாள் கோயம்புத்தூரில் இருக்கும் புவனாவுக்குத் தினம் மூன்று தடவை போன் போட்டாள். "இணைச்சீருக்கு நீ ஒருத்திதான் இருக்கறே அம்மணி. முந்துன நாளே வந்துபோடு."

தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர் அது. கூறைப்புடவையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். இவன் என் அண்ணன், இவனுக்கு நான் இருக்கிறேன் என்று ஊர் பார்க்கச் சொல்வது போல. புவனா அதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தாள். இடையில் அவளுக்கே கல்யாணமாகி, மகள் பிறந்து, மகள் இரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய வாரத்து வியாழக்கிழமைதான் அவள் அந்தக் குரலைக் கேட்டாள்.

கோயம்புத்தூர் கணபதியில், ஒரு பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவில் அவளுக்கு வேலை. பக்கத்து நாற்காலியில் லோகப்பிரியா. இருபத்து நாலு வயது, வாயாடி, மத்தியானம் எல்லோருடைய டப்பாவிலும் கை வைக்கிற உரிமையை வந்த முதல் வாரமே எடுத்துக்கொண்டவள். அன்றைக்கு அவள் டப்பாவே திறக்கவில்லை. கூடப் படித்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் பதிவாளர் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தாள். முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதை யாரோ போட்டோ எடுத்துக் குழுக்களில் விட்டுவிட்டார்கள். போட்டோவோடு ஒரு ஆடியோவும் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் மூன்று பேர் பைக்கில் வந்து நின்றிருக்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. சிரித்துக்கொண்டு நின்றார்களாம்.

"கேளுங்கக்கா," என்று லோகப்பிரியா போனை நீட்டினாள்.

"ஏனுங்க சொந்தங்களே, இந்த அம்மணி மெக்கானிக்கல் படிச்சுதாமுங்க. பம்பு டிசைன் பண்ணுதாமுங்க. பெத்தவிய தலையில மண்ணள்ளிப் போட்டுப்போட்டு எவன் பின்னாலயோ போகுதாமுங்க. நமக்குப் பொண்ணு இல்லீன்னு நாம கெடக்கறோம், இருக்கற பொண்ணு இப்படிப் போகுது. ஹாஸ்டல் எங்கிருக்குதுன்னு நம்ம தம்பிகளுக்குத் தெரியுமுங்க. மரியாதையாப் பேசிப் புத்தி சொல்லோணுமுங்க. மரியாதைக்குக் கேக்கலீன்னா அப்பறம் பாத்துக்கலாமுங்க."

பேசியவன் பேர் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே புவனாவுக்கு ஆள் யாரென்று பிடிபட்டுவிட்டது. இத்தனை 'ங்க' போட்டு ஒருத்தியை மிரட்ட முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் குரல் பிறந்ததிலிருந்தே தெரியும்.

"யாருன்னு கண்டுபுடிச்சா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கலாம்னு இருக்கறோமுங்கக்கா. பேரே தெரியலீங்க."

"ஹாஸ்டல் வேண்டாம் கண்ணு. நம்மூட்டுக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னாள் புவனா. அன்று சாயங்காலமே லோகப்பிரியா ஒரு பையோடு வந்தாள். புவனாவின் வீட்டுக்காரர் மோகன்குமார் அவளுக்கு முன் அறையை ஒழித்துக் கொடுத்தார். அவள் அங்கே உட்கார்ந்து புவனாவின் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். புவனா அடுப்படியில் நின்றுகொண்டு, வெந்த சோற்றையே திரும்பத் திரும்பக் கிளறினாள்.

அந்தக் குரலை அவள் எவ்வளவு நேசித்தாள் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதையில் அர்த்தமில்லை.

பொங்கலுக்கு அவர்கள் ஊரில் வாலிபால் டோர்னமெண்ட் நடக்கும். மைக்செட் லட்சுமணசாமி வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். பதினெட்டு வயது அருண்குமார் மைக்கைப் பிடிப்பான். அவனுக்கு ஆட்டம் சுமார்தான், வாய் பிரமாதம். எடுத்ததும் தன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பான். "பேசறது அருண்குமாருங்க. களத்துக்காரர் மகன் அருண்குமாருங்க." யார் பேசுகிறான் என்று தெரியாமல் சனம் எதற்குக் காது கொடுக்க வேண்டும் என்று அவனே ஒரு நியாயம் வைத்திருந்தான். பிறகு பந்து பறக்கும், அவன் வார்த்தையும் பறக்கும். காங்கயத்து டீமின் உயரமான ஆளைப் பார்த்து, "அண்ணன் வலைக்கு மேல இல்லீங்க, மேகத்துக்கு மேல இருக்கறாரு, எறங்கி வரச் சொல்லுங்க" என்பான். தோற்றவனும் சிரித்துக்கொண்டே போவான்.

புவனா ஒன்பதாவது படித்த வருடம், முதல்முறையாகப் பெண்கள் பள்ளி டீமையும் இறக்கினார்கள். புவனாவும் ஆடினாள். அரைக்கால் டிரவுசரைப் பார்த்து ஒரு கூட்டம் விசிலடித்தது. அவள் மூன்று சர்வீசை வலையிலேயே அடித்தாள். அப்போது குழாயில் அந்தக் குரல் வந்தது. "பேசறது அருண்குமாருங்க. பொண்ணுக ஆட வந்திருக்கறாங்க. கை தட்டத் தெரிஞ்சவிய நில்லுங்க. விசிலடிக்கறவிய ஊட்டுக்குப் போயி மாடு ஓட்டுங்க, அதுக்கு விசில் வேணும்." மைதானமே சிரித்தது. விசில் நின்றது. அடுத்த சர்வீஸ் வலையைத் தாண்டிப் போனது. இருபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் மீட்டிங்கில் எழுந்து பேசுவதற்கு முன்னால் அந்தக் கைதட்டலைத்தான் அவள் ஒரு தடவை நினைத்துக்கொள்வாள்.

அவளை மெக்கானிக்கல் சேர்த்ததும் அவன்தான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மிசினு" என்ற அப்பாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்தான். கவுன்சலிங்குக்குச் சென்னைக்குக் கூட்டிப்போனான். திரும்பி வரும்போது காங்கயத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில், இல்லாத மைக்கை வாயருகில் பிடித்துக்கொண்டு, "பேசறது அருண்குமாருங்க, என்ற தங்கச்சிக்கு மெக்கானிக்கல் கெடச்சிருச்சுங்க" என்றான். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கை கொடுத்தார். அவளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துபோனது. இப்போது நினைத்தால் அதைவிடச் சந்தோஷமான பஸ் பயணம் வாழ்க்கையில் இல்லை.

அந்த அண்ணன் எப்போது போனான்? அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாளில் போகவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் "எப்பங்க சோறு போடப்போறீங்க" என்று நாலு பேர் கேட்டார்கள். அவன் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினான். கூட ஆடியவர்கள் குடும்பஸ்தர்கள் ஆனார்கள், டோர்னமெண்ட் நின்றது. களத்தில் தேங்காய் காய்வதைப் பார்த்துக்கொண்டு, கையில் போனோடு, நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகாதவர்கள் ஜாதகம் பரிமாறிக்கொள்ள 'தனிமரத் தோப்பு' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். முதலில் ஜாதகம், அப்புறம் ஜோக்கு. நரைத்த மாப்பிள்ளை ஜோக்கு ஒன்றை அவளுக்கே அனுப்பினான், அவளும் சிரிக்கிற பொம்மை போட்டாள். பிறகு பெண்களைத் திட்டுகிற வீடியோக்கள் வந்தன. பிறகு ஒரு சாதி அமைப்பின் பேர் வந்தது. அமைப்பின் கூட்டத்துக்கு வண்டி வந்தது. தேர்தல் சமயத்தில் ஓட்டு யாருக்கு என்பதும் வந்தது. புவனா அந்தச் செய்திகளைத் திறக்காமலே தள்ளிவிட்டாள். எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் களத்துக்குப் போனபோது, அருண்குமார் புது வேட்டி கட்டிப் பழகிக்கொண்டிருந்தான். முன்மண்டையில் முடி குறைந்திருந்தது. களம் முழுக்க உடைத்த தேங்காய் வெள்ளையாகக் காய்ந்தது. அந்த வாசம் வந்ததும் புவனாவுக்கு எதற்காக வந்தோம் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

"வா அம்மணி. எளநி வெட்டறேன், இரு."

"வேண்டாண்ணா. உக்காரு."

அவள் போனை எடுத்து வைத்தாள். அவனுடைய குரல் அவர்கள் இருவருக்கும் நடுவில் பேசி முடித்தது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"உனக்கு எப்படி வந்துச்சு இது?"

"கோயமுத்தூரு முச்சூடும் வந்திருச்சு. அந்தப் புள்ள என்ற பக்கத்துச் சீட்டு. இப்ப நம்மூட்டுலதான் இருக்குது."

அவன் நிமிர்ந்தான். "உன்ற கூட வேலை பாக்கற புள்ளைன்னு எனக்குத் தெரியாதம்மணி. தெரிஞ்சிருந்தாப் பேசியிருக்க மாட்டேன்."

"தெரியாத புள்ளைன்னா பேசலாமா? ஹாஸ்டல் வாசல்ல மூணு பேர் நின்னிருக்கறாங்க. நீ சொல்லித்தான் நின்னாங்க."

"சும்மா பேசிப் பாக்கத்தான்..."

"மெக்கானிக்கல் படிச்சுதாம்னு நக்கலு வேற. என்னை யாருண்ணா அதுல சேத்திவுட்டது?"

அவனுக்குக் கோபம் வந்தது. "நீ பேசுவே. உனக்கு ஊடு, வேலை, புள்ளை. நாற்பத்தோரு ஊட்டுல காபி குடிச்சிருக்கறேன், தெரியுமா? ஒரு புள்ள என்ற மொகத்தைக்கூட நிமிந்து பாக்கல. நமக்கு ஏன் பொண்ணு கெடைக்கலீன்னு அவனுக மட்டுந்தான் எனக்குக் காரணம் சொன்னானுக."

"காரணம் வேணுமா? நீ அஞ்சாவது படிச்சப்ப உன்ற கிளாஸ்ல பையனுக எத்தனை பேரு?"

"இருபத்திமூணு."

"பொண்ணுக?"

அவன் விரல் மடக்கினான். எட்டுப் பேர். மீதி ஏன் பிறக்கவில்லை, பிறந்தவை எங்கே போயின என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பிறக்க விடாதவர்கள் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. தப்பிப் பிறந்த எட்டுப் பேர் மேல் வந்தது. பெண் கிடைக்கவில்லை என்று அழுகிற ஊர், பெண்ணை எண்ணிப் பார்த்திருந்தால் முப்பது வருடம் முன்பே அழுதிருக்கும்.

"அப்பா செத்தப்ப," என்றான் அருண்குமார், குரல் இறங்கி, "நீ மூணு நாள் இருந்தே. ஆடிட்டுன்னு கிளம்பிப்போட்டே. அப்பறம் வாரத்துக்கு ஒருக்கா 'சாப்ட்டியாண்ணா'ன்னு ஒரு மெசேஜ். அவனுகதான் மாறி மாறிக் கூப்பிட்டானுக. எதிரும் புதிருமா உக்காந்து சோறு தின்னாத குறை. நாலாயிரம் பேரு அம்மணி. அண்ணா அண்ணாங்கறானுக. நான் பேசுனாக் கேக்கறானுக. வேற யாரு கேட்டீங்க?"

இது புவனாவுக்கு உறைத்தது. பொய்யில்லை. அவள் அழைக்கவில்லை. அண்ணன் என்றால் களத்தில் இருப்பான், எப்போது போனாலும் இளநி வெட்டுவான் என்று வைத்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். துடைத்துக்கொண்டாள்.

"தப்புத்தாண்ணா. நான் வந்திருக்கோணும். அதுக்கு என்னைத் திட்டு, கேட்டுக்கறேன். அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் என்ன?"

அவன் காலால் ஒரு தேங்காய் மூடியைத் திருப்பிப் போட்டான்.

"ஒண்ணே ஒண்ணு செய்யி. மைக்கப் புடிச்சா மொதல்ல பேர் சொல்லுவியல்லொ, அந்த மாதிரி சொல்லிப்போட்டுப் பேசு. சொன்னது நியாயம்னு நெனச்சா, பேசறது அருண்குமார்னு சொல்லி அதையே இன்னொருக்கா பேசு. தப்புன்னா, அதே பேரைச் சொல்லித் தப்புன்னு பேசு. ரெண்டுல எதுவுமில்லீன்னா நான் இணைச்சீருக்கு நிக்க மாட்டேன்."

"பேர் சொன்னா அத்தோட முடிஞ்சுது. கல்யாணத்துக்கு முந்நூறு பேரு வாரேன்னு சொல்லியிருக்கறானுக."

"அவிய முந்நூறு பேரு. தங்கச்சி நான் ஒருத்திதான்."

அதற்கு மேல் நின்றால் மனது இளகிவிடும் என்று தெரியும். பஸ் ஏறிவிட்டாள். திங்கள், செவ்வாய் ஒன்றும் வரவில்லை. அம்மா போனில் பந்தக்கால் போட்டதைச் சொன்னாள். இங்கே லோகப்பிரியா, "யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதுங்களாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். புவனா இரண்டு தடவையும் விசாரிக்கிறேன் என்றாள். அண்ணனைப் பேர் சொல்லச் சொன்னவள் தன் வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொன்னால் அந்தப் பிள்ளை தன்னை எப்படிப் பார்க்கும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

புதன்கிழமை மத்தியானம் அம்மா கூப்பிட்டு அழுதாள். "என்னமோ போன்ல பேசிப்போட்டானாம் அம்மணி. கண்டவனெல்லாம் கூப்பிட்டு வையறான். களத்துல வந்து ரெண்டு பேரு கத்திப்போட்டுப் போறாங்க. பொட்டப்பயலேங்கறாங்க. இவன் உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கறான்."

ஆடியோவை அவன் அவளுக்கும் அனுப்பியிருந்தான். கம்பெனி மாடிப்படியில் நின்று அவள் கேட்டாள்.

"பேசறது அருண்குமாருங்க. வெள்ளகோவில் பக்கம், களத்துக்காரர் மகன் அருண்குமாருங்க. போன வாரம் ஒரு புள்ளையப் பத்திப் பேர் சொல்லாமப் பேசுனது நான்தானுங்க. பேர் சொல்லிப் பேச எனக்கு வாய் வரலீங்க, அப்பவே அது தப்புன்னு தெரிஞ்சிருக்கோணும். என்ற தங்கச்சியும் மெக்கானிக்கல்தானுங்க. பம்பு கம்பெனிதானுங்க. நான்தான் சேத்திவுட்டேன். அந்தப் புள்ளைகிட்ட யாரும் போகாதீங்க. அது கேசு குடுத்தா நான் ஸ்டேஷனுக்கு வாரேனுங்க. அவ்வளவுதானுங்க."

நடுவில் மூன்று இடத்தில் நின்று நின்று பேசினான். மைக்கில் அவன் திணறி அவள் கேட்டதே இல்லை. அடுத்த நிமிஷமே தன்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தான்.

வியாழக்கிழமை வீட்டுச் சாவியை லோகப்பிரியாவிடம் கொடுத்துவிட்டுப் புவனா குடும்பத்தோடு ஊருக்குப் போனாள். கொடுக்கும்போதும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் மண்டபம் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. சித்தூர்க்காரர்கள் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து, இத்தனை நாற்காலி யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராத முந்நூறு பேருக்கும் சேர்த்துச் சமையல்காரர் உலை வைத்திருந்தார். இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். அப்போது மெசேஜ் வந்து புவனாவின் போன் அதிர்ந்தது. லோகப்பிரியா.

"அக்கா, பேர் சொல்லி ஒரு ஆடியோ வந்திருக்குதுங்க. அது உங்க அண்ணனுங்களா?"

கூறைப்புடவை மடித்துக் காத்திருந்தது. அருண்குமார் மாலையோடு நின்றான். புவனா பதில் எழுதினாள்.

"ஆமா கண்ணு. எங்க அண்ணன். எனக்கு மொத நாளே தெரியும்."

அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வர நேரமாயிற்று. சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் இரண்டு தடவை கனைத்தார். அம்மா கண்ணால் அதட்டினாள்.

"சாவிய எதிர் ஊட்டுப் பங்காரம்மாகிட்டக் குடுத்துட்டேனுங்கக்கா. பாப்பா கணக்கு நோட்டு டேபிள் மேல இருக்குது."

அவ்வளவுதான். புவனா அதை இரண்டு தடவை படித்தாள். எட்டு நாள் சொல்லாமல் வைத்திருந்ததற்கு வேறு என்ன எதிர்பார்த்தோம் என்று நினைத்தாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"போயிருச்சு."

அவன் காலி நாற்காலிகளைப் பார்த்தான். "என்னால உனக்கும் போச்சா அம்மணி?"

"இல்லீண்ணா. அது என்னாலதான்."

"திரும்பப் பேசட்டுமா? கூப்பிட்டு நானே..."

"நான் பேசிக்கறேன். திங்கக்கிழமை மொகத்தப் பாத்துப் பேசிக்கறேன்." அருமைக்காரர் நீட்டிய புடவை முனையை அவள் வாங்கிக்கொண்டாள். "இப்பப் பேசாம நில்லுண்ணா."